வேனில் வைஃபை மாட்டப் போய் 17,400 ரூபாய் போச்சு

நேற்று விடிகாலை ஐந்து மணி. கொடைக்கானல் போகவேண்டிய பார்ட்டி, பெட்டி படுக்கையோடு தெருவில் நிற்கிறது. என் வேனில் செல்ஃப் எடுக்கவில்லை. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். டாஷ்போர்டுக்கு அடியில் வைஃபை மோடம் மட்டும் பச்சை விளக்கோடு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. என்னைக் கவிழ்த்ததே அதுதான் என்று அப்போது தெரியாது.

என்ன பார்த்து மாட்ட வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

மூன்று வாரம் முன்பு மதுரையில் ஒரு கார் அக்சசரீஸ் கடையில் 4ஜி மோடம் மாட்டினேன். பொருளும் கூலியும் 8,500. "சாவி ஆஃப் பண்ணினா இதுவும் ஆஃப் ஆயிடுமா தம்பி?" என்று கேட்டேன். "தானா தூங்கிடும்ணே" என்றார் ஓனர். சாவியை எடுத்த பிறகும் விளக்கு எரிந்தது. "பத்து நிமிஷம் ஆகும்ணே, அதுல டைமர் இருக்கு" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். அந்தப் பத்து நிமிஷம் நின்று பார்த்திருந்தால், மோடத்துக்குக் கொடுத்தது போக மீதி 8,900 ரூபாயாவது மிஞ்சியிருக்கும்.

நாலு நாள் வேன் சும்மா நின்றது, பேட்டரி காலி. தள்ளிவிட்டு ஜம்ப் கொடுக்க 500. கடைக்குப் போன் அடித்தால், "பேட்டரி பழசுண்ணே, மாத்திடுங்க." நம்பி 7,200க்குப் புதுசு வாங்கினேன். பழசை எக்சேஞ்சில் கொடுத்தும் தொலைத்தேன், அது நல்ல பேட்டரி! மறுபடி நாலு நாள் நின்றது, நேற்று புதுசும் படுத்துவிட்டது.

எங்கள் ஏரியா ஆட்டோ எலக்ட்ரீசியன் அண்ணன் வந்து மீட்டர் வைத்தார். சாவி கையில் இருக்கும்போதே 0.6 ஆம்பியர் ஓடுகிறது. ஒரு நாளைக்கு 14 ஆம்பியர்-ஹவருக்கு (Ah) மேல், நாலு நாளில் 57. என் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 75தான். மோடத்துக்கு மூன்று ஒயர். சிவப்பு எப்போதும் பேட்டரியில், கறுப்பு எர்த்தில், மஞ்சள் மட்டும் சாவி போட்டால் கரண்ட் வரும் லைனில். மஞ்சளைப் பார்த்துத்தான் வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று அதற்குத் தெரியும். கடைப் பையன் மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றியிருக்கிறான். ஃபியூஸ் என்ற பேச்சே இல்லை. தகரத்தில் உரசிக்கொண்டு போகிற ஒயர் அது. தீப்பிடிக்காதது என் அதிர்ஷ்டம். அண்ணனுக்கு 1,200.

நேற்றே கடைக்குப் போன் செய்தேன். முதலில் "சிம்முல ஏதோ அப்டேட் ஓடுதுண்ணே." அப்புறம் "மாட்டின பையன் ஊருக்குப் போயிருக்கான், திங்கக்கிழமை வாங்க." நேரில் போனால் பில்லின் அடியில் பொடி எழுத்தைக் காட்டுகிறார், ஒயரிங் வேலைக்கு கேரண்டி கிடையாதாம். போட்டோ அனுப்பினேன், நீல டிக் விழுந்ததோடு சரி. 17,400 ரூபாய்! கைவிட்டுப் போன கொடைக்கானல் டிரிப்பை இதில் சேர்க்கவே இல்லை.

சரி, பார்க்க வேண்டியது. சாவியை எடுத்துவிட்டு விளக்கு அணையும்வரை கடையை விட்டு நகராதீர்கள். மஞ்சள் ஒயரில் சாவி இல்லாதபோது மீட்டர் பூஜ்யம் காட்ட வேண்டும். சிவப்பில் பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ். லாரி வைத்திருப்பவர்கள் இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் லைன் எடுக்க விடாதீர்கள். கொடைக்கானல் பார்ட்டி அட்வான்ஸைக் கேட்டு மூன்றாவது தடவையாகப் போன் அடிக்கிறார்கள், மீதியை அப்புறம் எழுதுகிறேன்.