கூட்டமாகப் போனால் எந்த ஆசிய உணவகம்?

வெளியே சாப்பிடப் போகலாம் என்று முடிவானதும் நண்பர்கள் குழுவில் கிளம்பும் முதல் சண்டை, சைனீஸா, தாய்லாந்தா, கொரியனா, ஜப்பானீஸா என்பதுதான். ருசியை வைத்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. நல்ல சமையல்காரர் கையில் எல்லாமே ருசிதான். எத்தனை பேர் வருகிறார்கள், யார் எதைச் சாப்பிட மாட்டார்கள், வழக்கம்போல் தாமதமாக வரப்போவது யார், பில்லை எப்படிப் பிரிப்பது என்று கேட்டுப் பார்த்தால் பாதி வழக்கு தானாக முடிந்துவிடும்.

கழிக்க வேண்டியதை முதலில் கழித்துவிடலாம். ராமென் கடை கூட்டத்துக்கு ஆகாது. ஆளுக்கொரு கிண்ணம், சூடான சூப்பில் நூடுல்ஸ் ஊறிக்கொண்டே இருக்கும், நீங்கள் கதை பேசி முடிப்பதற்குள் அது குழைந்துவிடும். பல கடைகளில் கவுன்டர் இருக்கைதான். ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்தால் வலப்பக்கம் ஒருவர், இடப்பக்கம் ஒருவர், அவ்வளவுதான் உங்கள் நட்பு வட்டம். தனியாகவோ இரண்டு பேராகவோ போனால் ராமெனை அடிக்க ஆளில்லை, அது வேறு விஷயம்.

வியட்நாம் கடையின் ஃபோ என்ற நூடுல்ஸ் சூப்பும் தனிக் கிண்ணம்தான். ஆனால் அங்கே தப்பிக்க வழி உண்டு. சுட்ட இறைச்சி, அரிசி அப்பளத்தாள், புதினா, துளசி, லெட்டூஸ் எல்லாம் தட்டுத் தட்டாக வந்து, அவரவரே சுருட்டி, சாஸில் தொட்டுச் சாப்பிடும் வகையைக் கேளுங்கள். கைக்கு வேலை வந்துவிட்டால் பேச்சு தானாக வரும். எண்ணெயும் குறைவு.

ஜப்பானிய உணவகங்களில் சுழலும் பெல்ட்டில் சுஷி வருமே, அதற்கு ஒரு பெரிய நன்மை இருக்கிறது. 1958-இல் ஒசாகாவில் யோஷியாகி ஷிராய்ஷி தொடங்கியது இந்த முறை. மதுபான ஆலையில் பாட்டில்கள் நகர்ந்து போவதைப் பார்த்து வந்த யோசனை. பெரும்பாலும் தட்டின் நிறம்தான் விலை. உங்கள் முன்னால் அடுக்கியிருக்கும் தட்டுகள்தான் உங்கள் கணக்கு. காசு விஷயத்தில் கறாரான நண்பர்கள் இருந்தால் இதைவிட நிம்மதி கிடையாது. கூட்டாகப் பகிர்ந்து சாப்பிடுவது போல இருக்காது என்பதுதான் குறை. அதற்கு இஸகாயா என்ற ஜப்பானிய மதுக்கடை உணவகம் இருக்கிறது: சின்னச் சின்னத் தட்டுகள், குடிக்க ஏதாவது, அவசரமில்லாத மாலை. நான்கு பேருக்குக் கச்சிதம்.

உண்மையான போட்டி, மேசையிலேயே இறைச்சியைச் சுட்டுச் சாப்பிடும் கொரியன் பார்பிக்யூவுக்கும், கொதிக்கும் சாற்றில் போட்டு வேகவைத்துச் சாப்பிடும் சீன ஹாட்பாட்டுக்கும்தான். இரண்டிலும் அடுப்பு மேசையின் நடுவில். இரண்டிலும் சமையல் நம் கையில். ஆனால் உட்கார்ந்து பார்த்தால் இரண்டும் வேறு வேறு மாதிரி விருந்துகள்.

கொரியன் கடையில் உட்கார்ந்ததுமே கிம்ச்சி, முளைகட்டிய பயறு, கீரை என்று சிறு கிண்ணங்களில் பாஞ்சான் வந்துவிடும். பொதுவாக அதற்குத் தனிக் காசில்லை, தீர்ந்தால் திரும்பவும் தருவார்கள். பசியோடு சீக்கிரம் வந்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல். அப்புறம் பன்றியின் வயிற்றுக் கறி சம்கியோப்சால், மாட்டு விலாக்கறி கல்பி. கத்தரிக்கோலால் நறுக்கி, லெட்டூஸ் இலையில் பூண்டும் சம்ஜாங் என்ற சோயா விழுதும் வைத்து, மடித்து ஒரே வாயில் போட வேண்டும். சிக்கல் என்னவென்றால் ஒரு அடுப்பு நான்கு பேருக்குத்தான் சரியாக வரும். ஆறு பேர் போனால் இரண்டு அடுப்பு, இரண்டு குழு, இரண்டு அரட்டை. இடுக்கியைக் கையில் எடுத்த அப்பாவி கடைசிவரை சமையல்காரனாகவே இருந்துவிடுவான். குறைந்தது இரண்டு பங்கு வாங்கினால்தான் அடுப்பு மூட்டுவோம் என்று சொல்லும் கடைகள் நிறைய. போட்டிருக்கும் சட்டையில் புகை வாசனை வீடு வரைக்கும் வரும்.

ஹாட்பாட்டில் அந்த அப்பாவி கிடையாது. அவரவர் எடுப்பதை அவரவரே வேகவைக்கிறார்கள். இரண்டாகத் தடுத்த பாத்திரம் கேட்டால் ஒருபக்கம் சிச்சுவான் காரம், மறுபக்கம் தக்காளியோ காளானோ. காரம் தாங்காதவரும் காரப் பிரியரும் ஒரே மேசையில் சண்டையில்லாமல் சாப்பிடலாம். சிச்சுவான் மிளகு நாக்கை மரத்துப்போக வைக்கும் என்பதை முதன்முறை வருகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பயந்துவிடுவார். மெல்லியதாகச் சீவிய இறைச்சி சில நொடிகளில் வெந்துவிடும். முள்ளங்கி, உருளைக்கிழங்கை முதலிலேயே போட்டுவிட வேண்டும். நூடுல்ஸைக் கடைசிக்கு வைப்பது நல்லது, இல்லையென்றால் சாறு குழம்பிவிடும். பச்சை இறைச்சியை எடுக்கும் குச்சியும் வாயில் வைக்கும் குச்சியும் வேறாக இருக்கட்டும். இது நாசூக்கு இல்லை, வயிற்றுப் பிரச்சினை. தாமதமாக வருகிறவருக்கும் குறை வராது: பாத்திரம் கொதித்துக்கொண்டே இருக்கும். ஆறு பேருக்கு என் ஓட்டு இதற்குத்தான், யோசிக்கவே மாட்டேன். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: கூட்டமான கடைகள் நேர வரம்பு வைப்பதுண்டு, ஹாட்பாட்டோ மெதுவான சாப்பாடு.

எட்டுப் பேரைத் தாண்டினால் சீன உணவகத்தின் வட்ட மேசையே கதி. நடுவில் சுழலும் தட்டு இருப்பதால் யாரும் எழுந்து எட்டி எடுக்க வேண்டாம். தலைக்கு ஒரு பதார்த்தம் என்று கணக்கு வைத்து, அதில் ஒன்று ஆவியில் வெந்தது, ஒன்று கீரை, ஒன்று சூப் என்று பார்த்துக்கொண்டால் போதும். ஆளாளுக்குத் தனக்குப் பிடித்ததைச் சொன்னால் வறுத்ததும் பொரித்ததுமாகவே மேசை நிறைந்துவிடும். ஆர்டர் செய்யும் பொறுப்பை ஒரே ஆளிடம் கொடுங்கள். டிம் சம், அதாவது சின்னக் கூடைகளில் ஆவியில் வெந்து வரும் கொழுக்கட்டை மாதிரிப் பண்டங்கள், பகல் சாப்பாடு. கூடைக்குப் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு துண்டு. ஐந்து பேர் போய்ப் பாருங்கள், ஒவ்வொரு கூடையிலும் ஒரு பஞ்சாயத்து. தாமதமாக வருகிறவருக்கு ஆறிப்போன மாவுதான்.

தாய்லாந்து உணவகம் எல்லோருக்கும் நடுவே ஒரு சமாதான உடன்படிக்கை. குச்சியோடு போராட வேண்டாம், சோற்றுக்கு ஸ்பூனும் ஃபோர்க்கும்தான். எல்லாம் பகிர்ந்து சாப்பிடுவது. காரம் எவ்வளவு என்று முன்பே சொல்லலாம். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர் இருந்தால் மட்டும் கவனம்: பேட் தாய் நூடுல்ஸ், குச்சியில் சுட்ட இறைச்சியான சாத்தே, மஸமன் குழம்பு என்று அது பல இடத்தில் எட்டிப் பார்க்கும்.

சைவ நண்பர் ஒருவர் இருந்தால் இந்த வரிசை முழுக்கக் குலைந்துவிடும். பெயரில் இறைச்சி இல்லை என்பதை நம்பி ஏமாறக் கூடாது. தாய்லாந்து சமையலில் மீன் சாஸ், கறி விழுதில் இறால். ஜப்பானிய சூப்பில் உலர்ந்த போனிட்டோ மீன். சீனக் கீரை வதக்கலில் சிப்பி சாஸ். கிம்ச்சியில்கூடப் பெரும்பாலும் ஊறிய இறாலோ மீன் சாஸோ இருக்கும். கொரியன் பார்பிக்யூ அவருக்கு அநியாயம். காளான் சாறு எலும்பில்லாமல் செய்ததா என்று கேட்டுவிட்டு ஹாட்பாட் போகலாம். ஆளுக்கொரு சின்னப் பாத்திரம் தரும் கடை இன்னும் நல்லது.

பில் விஷயத்தில் சமமாகப் பிரிப்பதுதான் லேசு. ஆனால் மதுவையும் விலை கூடிய இறைச்சித் தட்டையும் முதலில் தனியே எடுத்துவிடுங்கள். காய்கறி மட்டும் சாப்பிட்டவர் மற்றவர்களின் மாட்டிறைச்சிக்குக் காசு கொடுத்துவிட்டு அடுத்த முறை வரமாட்டார். அளவில்லாச் சாப்பாடு என்ற வகையில் இந்தத் தொல்லை இல்லை. அதற்குப் போவதானால் இரண்டு விஷயம் விசாரியுங்கள்: மேசையில் ஒருவர் எடுத்தால் எல்லோரும் எடுத்தாக வேண்டுமா, மிச்சம் வைத்தால் அபராதம் உண்டா.