ஸ்ப்ரே, பொடி, நெபுலைசர்: யார் மூச்சுக்கு எது?

ஆஸ்துமா வந்து பல வருஷம் கழித்துத்தான் ஒரு நர்ஸ் என்னிடம், "எங்கே, இன்ஹேலரை எப்படி எடுக்கிறீங்கன்னு ஒரு தடவை செஞ்சு காட்டுங்க" என்று கேட்டார். செய்து காட்டினேன். அழுத்திய அடுத்த நொடி உதட்டோரத்தில் வெள்ளையாக ஒரு கீற்று கிளம்பி மேலே போனது. "பாருங்க, பாதி மருந்து காத்துக்குப் போகுது" என்றார். அதுவரை மருந்தை மாற்றியிருக்கிறார்கள், அளவைக் கூட்டியிருக்கிறார்கள். டப்பாவை நான் எப்படிப் பிடிக்கிறேன் என்று மட்டும் யாரும் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் எல்லா வகையும் வந்து போய்விட்டது. எனக்கு ஸ்ப்ரே. சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் நாள்பட்டு அடைபடும் நுரையீரல் நோய், இருக்கும் பெரியப்பாவுக்கு முதலில் பொடி, பிறகு நெபுலைசர் (திரவ மருந்தைப் பனியாக்கித் தரும் இயந்திரம்), பிறகு வேறொன்று. பக்கத்தில் இருந்து பார்த்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: எது நல்ல சாதனம் என்று கேட்பதில் அர்த்தமில்லை. இந்தக் கை, இந்த மூச்சு, இதற்கு எது சரி என்றுதான் கேட்க வேண்டும்.

முதலில் மாத்திரைக் கணக்கை முடித்துவிடலாம். "மாத்திரை லேசு, இன்ஹேலர் கடைசி மருந்து, பழகிவிடும்" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கணக்கு நேர்மாறாக இருக்கிறது. மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் ஸ்ப்ரேயை ஒரு தடவை அழுத்தினால் வரும் ஒரு பஃப் 100 மைக்ரோகிராம், வழக்கமாக எடுப்பது இரண்டு பஃப். அதே மருந்து மாத்திரையில் 4 மில்லிகிராம், அதாவது 40 பஃபுக்குச் சமம். மாத்திரை வயிற்றில் கரைந்து, ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றிவிட்டுத்தான் நுரையீரலுக்கு வருகிறது. கை நடுங்குவதும் நெஞ்சு படபடப்பதும் அதனால்தான். மூச்சுக்குழாயை விரிக்கத் தரும் இன்னொரு மாத்திரையான தியோஃபிலின் இன்னும் வம்பு பிடித்தது. வேலை செய்யும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் நடுவே இடைவெளி ரொம்பக் குறைவு. சிகரெட்டை விட்டால்கூட ரத்தத்தில் அதன் அளவு ஏறும், சில ஆன்டிபயாடிக்குகளோடு சேர்ந்தாலும் ஏறும். நோய் திடீரென்று முற்றும்போது சில நாட்களுக்குத் தரும் ஸ்டீராய்டு மாத்திரை வேறு விஷயம், அது தேவைப்படும்போது தேவைதான். தினசரி மருந்து என்றால் மூச்சு வழியே எடுப்பதற்குத்தான் என் ஓட்டு.

சரி, எதன் வழியாக எடுப்பது?

ஸ்ப்ரேயின் கதையே சுவாரசியமானது. 1955-இல் அமெரிக்காவின் ரைக்கர் நிறுவனத் தலைவர் ஜார்ஜ் மேய்சனிடம் அவருடைய 13 வயது மகள், தலைமுடிக்கு அடிக்கும் ஸ்ப்ரே மாதிரி என் ஆஸ்துமா மருந்தையும் டப்பாவில் அடைக்க முடியாதா என்று கேட்டாளாம். அடுத்த வருஷமே அது சந்தைக்கு வந்துவிட்டது. ஓசோனைக் கெடுக்கிறது என்று உள்ளிருக்கும் வாயுவைப் பிற்காலத்தில் மாற்றினார்கள். அடிப்படை மட்டும் அப்படியே இருக்கிறது: அழுத்தினால் அளந்த மருந்து சீறிக்கொண்டு வெளியே வரும்.

அந்தச் சீறல்தான் சிக்கல். மருந்து வரும் வேகத்துக்கு அது நேராகத் தொண்டையின் பின்சுவரில் போய் மோதும். மூச்சை மெதுவாக இழுக்கத் தொடங்கும் அதே கணத்தில் அழுத்த வேண்டும், நான்கைந்து நொடி தொடர்ந்து இழுக்க வேண்டும், பத்து நொடி அடக்க வேண்டும். சொல்லும்போது எளிது. மூச்சு திணறும்போது செய்து பாருங்கள். எல்லாம் சரியாகச் செய்தாலும் மருந்தில் சிறு பங்குதான் நுரையீரலுக்குப் போகும், மிச்சம் வாயிலும் தொண்டையிலும் தங்கிவிடும். ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுப்பவர்களுக்குக் குரல் கம்முவதும் நாக்கில் வெள்ளை படிவதும் இப்படித்தான். எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்வதற்கும் காரணம் அதுவே.

இந்தச் சிக்கலை ஒரு வெற்றுக் குழாய் தீர்த்துவிடுகிறது. ஸ்பேசர். உள்ளே மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை, அதனாலேயே யாரும் அதை மதிப்பதில்லை. ஒரு பக்கம் ஸ்ப்ரேயைச் செருகி ஒரு பஃப் அடித்தால் சீறல் குழாய்க்குள்ளேயே அடங்கிவிடும். பெரிய துளிகள் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ள, நுண்ணிய துளிகள் உள்ளே மிதக்கும். அப்புறம் அவசரமே இல்லை, சாதாரணமாக ஐந்தாறு முறை மூச்சு விட்டு இழுத்தால் போதும். அழுத்துவதையும் இழுப்பதையும் ஒரே நொடியில் செய்ய வேண்டிய கட்டாயம் போய்விடுகிறது. மாஸ்க் மாட்டினால் கைக்குழந்தைக்கும் கொடுக்கலாம். இரண்டு தப்பு மட்டும் செய்யக்கூடாது. ஒன்று, நாலைந்து பஃபை மொத்தமாக உள்ளே அடித்துவிட்டு இழுப்பது. ஒவ்வொன்றாகத்தான் அடிக்க வேண்டும். இன்னொன்று, கழுவிவிட்டுத் துணியால் துடைப்பது. துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்னூட்டம் ஏறி, மருந்தெல்லாம் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். சோப்புத் தண்ணீரில் கழுவி அப்படியே வடிய விட வேண்டும்.

பொடி இன்ஹேலரில் வாயுவும் இல்லை, சீறலும் இல்லை. மருந்தைக் கிளப்புவது உங்கள் மூச்சுதான். அழுத்தல், இழுத்தல் என்ற பொருத்தம் தேவையில்லை என்பது பெரிய வசதி. ஸ்ப்ரே வாயு வளிமண்டலத்தைச் சூடாக்குவது பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கும் இது பிடிக்கும். ஆனால் இழுக்கும் விதம் தலைகீழ். ஸ்ப்ரேக்கு மெதுவாக, பொடிக்கு வேகமாக, பலமாக. முதல் நொடியிலேயே வெடுக்கென்று இழுத்தால்தான் பொடி உடைந்து நுண்துகளாகும். பல சாதனங்களுக்கு நிமிடத்துக்கு 30 லிட்டர் வேகமாவது வேண்டும், சிலவற்றுக்கு 60. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளால் அது முடியாது. நோய் முற்றிய சிஓபிடிக்காரர்கள் பலராலும் முடியாது.

பெரியப்பாவிடம் இதைக் கண்ணால் பார்த்தேன், இல்லை, காதால் கேட்டேன். அவருடைய சாதனத்தில் கேப்ஸ்யூலைப் போட்டுத் துளைத்து இழுத்தால் அது உள்ளே சுழன்று கிறுகிறுவென்று சத்தம் வரும். ஒருநாள் காலையில் கூப்பிட்டார். "ஏண்டா, இது ரிப்பேரா? ரெண்டு மூணு நாளா சத்தமே வரல." வாங்கி நான் காலி கேப்ஸ்யூலைப் போட்டு இழுத்தேன், கிறுகிறுவென்றது. சாதனம் நன்றாகத்தான் இருந்தது.

பொடிக்கு ஈரமும் ஆகாது. இழுக்கும் முன் அதற்குள்ளேயே மூச்சை ஊதினால் பொடி கட்டிதட்டிவிடும். கேப்ஸ்யூலைத் தண்ணீரோடு விழுங்கிவிடுகிற ஆட்களும் உண்டு. சிரிக்காதீர்கள், மருந்துச்சீட்டில் கேப்ஸ்யூல் என்று எழுதி, எப்படி என்று காட்டாமல் அனுப்பினால் வேறென்ன செய்வார்கள்? தினமும் எடுக்கும் மருந்து பொடியாகவும் அவசர மருந்து ஸ்ப்ரேயாகவும் இருந்தால் இன்னொரு குழப்பம்: இரண்டையும் ஒரே வேகத்தில் இழுத்து, ஒன்றையாவது வீணாக்குவார்கள். முடிந்தவரை இரண்டும் ஒரே வகையாக இருக்கும்படி கேட்டு வாங்குங்கள்.

மெதுமூடுபனி வகை ஒன்றும் இருக்கிறது. வாயு இல்லாமல் ஸ்பிரிங்கின் விசையில் ஒன்றரை நொடி போல நிதானமாகப் பனி வரும். பலம் குறைந்த மூச்சுக்கு நல்லது. ஆனால் அடிப்பாகத்தைத் திருகித் தயார் செய்ய விரலில் வலு வேண்டும், எல்லா மருந்தும் அதில் வருவதுமில்லை.

கடைசியாக நெபுலைசர். இதற்குத்தான் வீட்டில் மரியாதை அதிகம். சத்தம் போடுகிறது, புகை கிளம்புகிறது, மாஸ்க் இருக்கிறது, ஆஸ்பத்திரி வாசனை அடிக்கிறது. அதனால் இதுதான் பலமான மருந்து என்று தோன்றும். அப்படியில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்து அலசிய காக்ரேன் தொகுப்பாய்வில், ஆஸ்துமா திடீரென்று கூடும்போது ஸ்பேசரோடு ஸ்ப்ரே எடுத்தவர்களுக்கும் நெபுலைசர் வைத்தவர்களுக்கும் ஆஸ்பத்திரியில் சேர வேண்டி வந்ததில் வித்தியாசமில்லை. பிள்ளைகள் விஷயத்தில் ஸ்பேசர் ஒரு படி மேல்: அவசரப் பிரிவில் இருந்த நேரம் குறைந்தது, நாடித்துடிப்பும் அவ்வளவு எகிறவில்லை. இதில் ஊற்றும் சால்பியூட்டமால் 2.5 அல்லது 5 மில்லிகிராம். இரண்டு பஃபோடு ஒப்பிட்டால் பல மடங்கு. "நெபுலைசர் வைத்தால்தான் கேட்கிறது" என்பதன் ரகசியம் பெரும்பாலும் அளவுதான்.

நெபுலைசருக்கென்று இடம் இருக்கிறது. உயிருக்கே ஆபத்தான திணறலில் ஆக்சிஜனோடு சேர்த்துக் கொடுக்க, சொன்னபடி மூச்சிழுக்க முடியாத நிலையில் இருப்பவருக்கு, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (சளி கெட்டிப்படும் பரம்பரை நோய்) போன்ற நோய்களின் சில மருந்துகளுக்கு அதுதான் வழி. வீட்டில் வைத்திருப்பதில் எனக்குப் பயம் இரண்டு. கப்பையும் மாஸ்க்கையும் ஒழுங்காகக் கழுவிக் காயவைக்காவிட்டால் கிருமிகளை நாமே நுரையீரலுக்கு அனுப்புகிறோம். அதைவிட மோசம், "இன்னொரு தடவை வெச்சுப் பார்க்கலாம்" என்று ராத்திரி முழுக்க வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடுவது. கண்ணழுத்தம் உள்ளவர்கள் இன்னொன்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். மூச்சுக்குழாயை விரிக்கும் இப்ராட்ரோபியம் கலந்த மருந்து மாஸ்க் இடுக்கு வழியாகக் கண்ணில் பட்டால் அழுத்தம் ஏறலாம், அவர்களுக்கு வாயில் கவ்வும் குழாய்தான் நல்லது.

இந்த அலசல் முழுக்க மூச்சுக்குழாய் சுருங்கும் நோய்களுக்கானது. மூச்சு வாங்குகிறது என்பதாலேயே அது ஆஸ்துமாவோ சிஓபிடியோ ஆகிவிடாது. ஸ்பைரோமெட்ரியில் ஊதிப் பார்த்தால்தான் தெரியும்: முதல் நொடியில் வெளியேறும் காற்று மொத்தத்தில் எவ்வளவு பங்கு என்று அது அளக்கும். குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் அது 0.70-க்குக் கீழே நின்றால் சிஓபிடி என்ற பக்கம் பார்வை போகும். நுரையீரல் தழும்பேறி இறுகும் நோயில் இந்தச் சோதனையின் முடிவே வேறு மாதிரி இருக்கும். அங்கே இன்ஹேலரால் பெரிய பயன் இல்லை. எந்தச் சாதனம் என்று யோசித்து நாளை வீணாக்காமல் அதற்குரிய சிகிச்சைக்குப் போக வேண்டும்.

ஆஸ்துமாக்காரர்கள் டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். குழாயை விரிக்கும் அவசர மருந்தை மட்டுமே நம்பியிருப்பது சரியில்லை, ஸ்டீராய்டும் சேர வேண்டும் என்று சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டி கினா 2019-இலேயே சொல்லிவிட்டது.

பெரியப்பா கதைக்கு வருகிறேன். மருத்துவர் இழுக்கும் வேகத்தை அளக்கும் ஒரு சின்னக் குழாயில் அவரை இழுக்கச் சொன்னார். பொடிக்குத் தேவையான கோட்டை முள் தொடவே இல்லை. இடையில் சில வாரம் நெபுலைசர் ஓடியது. அப்புறம் மருந்தையும் அளவையும் மாற்றி எழுதி, ஸ்ப்ரேயும் ஸ்பேசரும் கொடுத்து, முன்னால் உட்காரவைத்து மூன்று முறை செய்துகாட்டச் சொல்லித்தான் அனுப்பினார். இப்போது சமையலறைத் தட்டு ஸ்டாண்டில் டம்ளர்களோடு டம்ளராக அந்தக் குழாயும் கவிழ்ந்து கிடந்து சொட்டுகிறது. ஈரம் போகட்டும் என்று யாராவது துண்டை எடுத்தால், கூடத்திலிருந்து பெரியப்பாவின் சத்தம் வரும். அதற்கு மட்டும் மூச்சு நன்றாகவே இருக்கிறது.