ஒரே கதை, இரண்டு தடவை: ‘நனெட்’ விமர்சனம், கூடவே ‘லைவ்’

சாவு, நோய், வன்கொடுமை பற்றியெல்லாம் ஜோக் அடிக்கலாமா என்ற சண்டையில், ‘கூடாது’ கட்சிக்காரர்கள் சாட்சிக்கு அழைப்பது பெரும்பாலும் ‘நனெட்’டைத்தான். ஆஸ்திரேலிய நகைச்சுவைக் கலைஞர் ஹன்னா காட்ஸ்பியின் இந்த ஸ்டாண்ட்-அப் (தனியாள் மேடைக் காமெடி) 2018 ஜூனில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. சிட்னி ஓபரா ஹவுஸில் படமாக்கியது, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஓடும். உற்றுக் கவனித்தால் அது பிறழ் சாட்சி.

காட்ஸ்பியின் வாதம் இது: ஜோக்குக்கு இரண்டே பாகம். டென்ஷனை ஏற்றுவது, பஞ்ச்லைனால் அதை உடைப்பது. கதைக்கோ ஆரம்பம், நடு, முடிவு என்று மூன்று. ஆகவே பட்ட வலியை ஜோக்காக்கினால் முடிவு வெட்டுப்பட்டுப் போகும். உதாரணம், பஸ் ஸ்டாப் கதை. காட்ஸ்பியை ஆண் என்று நினைத்த ஒருவன், தன் காதலியிடம் வம்பு பண்ணுவதாகச் சொல்லி அடிக்க வருகிறான். பெண் என்று தெரிந்ததும் பின்வாங்கி மன்னிப்புக் கேட்கிறான். பெண்களை அடிக்க மாட்டானாம். அரங்கம் சிரிக்கிறது. கடைசிப் பகுதியில் அதே கதை வெட்டில்லாமல் வருகிறது: அவன் திரும்பி வந்து அடித்திருக்கிறான். அரங்கில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

அபாரம்தான். ஆனால் இதற்குத் தொழிலில் ‘கால்பேக்’ என்று பெயர். முன்பு சொன்ன ஜோக்கை, சூழல் மாறிய பிறகு மறுபடி எடுப்பது. ஜோக்கின் மூன்றாவது பாகமே அதுதான். முதல் தடவை நாம் சிரித்திருக்காவிட்டால் இரண்டாம் தடவை அந்த அடி விழாது. நடுவில் இடைவெளியும் வேண்டும்; அடுத்தடுத்துச் சொல்லியிருந்தால் வெறும் திருப்பமாகப் போயிருக்கும். அந்த இடைவெளியில் வரும் பிக்காசோ பகுதி ஓவிய வரலாற்று வகுப்பு மாதிரி நீள்கிறது. அங்கே டென்ஷனை வேண்டுமென்றே இறக்காமல் வைத்திருக்கிறார் என்றாலும் பாதியாகக் குறைத்திருக்கலாம். பாலியல் வன்முறை பற்றிய பேச்சும் உண்டு, தெரிந்துகொண்டு பாருங்கள்.

வலியும் சிரிப்பும் ஒரே வாக்கியத்தில் இருக்க முடியுமா என்பதற்கு அமெரிக்க ஸ்டாண்ட்-அப் கலைஞர் டிக் நொட்டாரோவின் ‘லைவ்’ நல்ல பதில். 2012 ஆகஸ்ட் 3, லாஸ் ஏஞ்சல்ஸில் லார்கோ அரங்கம். அரை மணி நேரம், வெறும் ஒலிப்பதிவு. அவருக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. சில மாதத்துக்கு முன் அம்மாவும் இறந்திருந்தார். மேடையேறியதும் நலம் விசாரிக்கிற அதே குரலில் எனக்குக் கேன்சர் என்கிறார். குரல் ஏறவில்லை, இறங்கவில்லை.

இந்த மாதிரி ஜோக் சறுக்குவது மூன்று இடத்தில். ஒன்று, சேதியை ஜீரணிக்க நேரம் தராமல் பஞ்ச்லைனுக்கு ஓடுவது. நொட்டாரோ சங்கடமான அமைதியை அப்படியே விடுகிறார். இரண்டு, சொல்பவர் உடைந்துவிடுவாரோ என்று கூட்டம் பயப்படுவது. பயந்தவர் சிரிக்க மாட்டார். நொட்டாரோவோ வருத்தப்படும் ரசிகரைத் தேற்றுகிறார், எல்லாம் சரியாகிவிடும் என்று. உடனே, ஆகாமலும் போகலாம் என்றும் சேர்த்துக்கொள்கிறார். மூன்றாவது, பெரும்பாலோர் கவிழ்கிற இடம்: ஜோக் யாரைக் குறிவைக்கிறது என்பது. சிகிச்சை எப்படி இருந்தது என்று இறந்துபோன அம்மா பேருக்கே ஆஸ்பத்திரி ஒரு படிவம் அனுப்புகிறது. சிரிப்பு படிவத்தின் மேல் விழுகிறது, அம்மா மேல் ஒரு துளி படவில்லை.

ஹெட்போனில் கேளுங்கள், அமைதிகளும் கேட்க வேண்டும். கடைசியில் நெரிசலில் நிற்கும் காரைத் தேனீ முந்திப் போகிற பழைய சாதாரண ஜோக் ஒன்று வரும். அதைத் தாண்டிவிடாதீர்கள்.