மெரினோ கம்பளியா, பாலியஸ்டரா: எந்தத் தெர்மல் சீக்கிரம் காயும்?

இமயமலைப் பக்கம் மலையேறக் கிளம்பும் நம்ம ராயபுரம், தண்டையார்பேட்டைப் பிள்ளைகள் தெர்மல், அதாவது குளிருக்கு உள்ளே போடும் ஆடை, வாங்கும்போது இதில்தான் குழம்புகிறார்கள்.

காய்வதில் பாலியஸ்டர்தான் முந்தும். அந்த இழை தன் எடையில் 1 சதவீத ஈரத்தைக்கூட உள்ளே இழுக்காது, தண்ணீர் நூல்களுக்கு நடுவில்தான் நிற்கும், பிழிந்து உதறிக் காற்றில் போட்டால் போய்விடும். மெரினோ என்ற செம்மறி ஆட்டின் கம்பளி இழையோ 30 சதவீதம் வரை உள்ளேயே வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் விடும். மார்கழியில் எங்கள் மொட்டை மாடியில் இரண்டையும் ஒன்றாகத் துவைத்துப் போட்டேன். கடல் காற்றிலேயே ஈரம் இருக்கும் ஊர் இது, பாலியஸ்டர் மதியத்துக்குள் காய்ந்தது, கம்பளியின் அக்குள் தையல் சாயங்காலமும் ஈரம்.

ஆனால் ஈரத்தை வாங்கும்போது கம்பளி கொஞ்சம் சூட்டையும் வெளிவிடும், அதனால் வியர்த்து நின்றாலும் உடம்பில் சில்லென்று ஒட்டாது. குளிரில் இது பெரிய விஷயம்.

நாற்றம்: பாலியஸ்டர் இரண்டாம் நாளே வீசும், கம்பளி பல நாள் தாங்கும்.
விலை: பாலியஸ்டர் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளிலேயே மலிவு, மெரினோ பல மடங்கு.
உழைப்பு: மெல்லிய மெரினோ சீக்கிரம் ஓட்டையாகும், பூச்சியும் அரிக்கும்.

ஓட்டம், ஒருநாள் ஏற்றம், தினம் துவைக்க வசதி இருந்தால் பாலியஸ்டர். துவைக்க வழியில்லாத நாலைந்து நாள் குளிர்ப் பயணத்துக்கு நான் மெரினோதான் சொல்வேன், அதிலும் மெல்லியதாகப் பாருங்கள், தடித்த பாலியஸ்டரைவிட அது சில சமயம் முன்னாலேயே காயும். எதை வாங்கினாலும் சரி, உள்ளே பருத்தி பனியன் போட்டுக்கொண்டு ஏறாதீர்கள்.