90 நாள் தைராய்டு டயட் பேக்கேஜ்: 18,500 போனது இப்படித்தான்

சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். 18,500. தைராய்டு சுரப்பு குறைவாக இருப்பவர்களுக்கென்று 90 நாள் உணவுத் திட்டம் விற்கும் ஒரு ஆன்லைன் சேவைக்கு, அக்காவுக்காக, ஒரே தவணையில் கட்டியது. பெயரைப் போடவில்லை. இதே வியாபாரத்தைப் பல பேர் செய்கிறார்கள். ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றதெல்லாம் யோக்கியம் என்று ஆகிவிடும். ஏமாற்று எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை மட்டும் காட்டுகிறேன். உண்மையில் எப்படிச் சாப்பிட வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில், நம்பிய இடம். இதைத்தான் நன்றாகக் கவனிக்க வேண்டும். போனில் பேசிய ‘ஹெல்த் கோச்’ எடுத்த எடுப்பில் அற்புதம், மூலிகை என்றெல்லாம் ஆரம்பிக்கவில்லை. கேட்ட முதல் கேள்வி: “மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் கழிச்சு காபி குடிக்கிறாங்க சார்?” அடுத்தது: “கால்சியம், இரும்பு மாத்திரை ஏதாவது எடுக்கிறாங்களா? எத்தனை மணி நேர இடைவெளி?” இரண்டுமே சரியான கேள்விகள். சுரப்புக் குறைவுக்குக் கொடுக்கும் தைராய்டு ஹார்மோனான லெவோதைராக்சின் மாத்திரையை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு போட வேண்டும். அதன்பின் 30 முதல் 60 நிமிடம் எதுவும் கூடாது, காபி உட்பட. கால்சியம், இரும்பு, அசிடிட்டி மாத்திரை எல்லாம் 4 மணி நேரம் தள்ளி. இந்த நேரக் கணக்கு பிசகினாலே, அளவு சரியாக இருந்தும் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு சுரப்பு குறைந்தால் இது ஏறும்) இறங்காது. பல கிளினிக்குகளில் இதைக் கேட்கவே ஆளில்லை. கேட்டதும், விவரம் தெரிந்த ஆளிடம் சிக்கியிருக்கிறோம் என்று தோன்றியது. (சிக்கியது என்னவோ நிஜம்தான்.) அந்த இரண்டு கேள்விக்குத்தான் 18,500. “30 நாளில் பலன் தெரியலைன்னா முழுப் பணமும் ரீஃபண்ட்” என்றார்கள். 30 நாள் என்ற அந்தக் கணக்குக்குப் பின்னால் வருகிறேன்.

பணம் போன மறுநாள் பிடிஎஃப்பில் டயட் சார்ட் வந்தது, நான்கு நாள் கழித்துப் பெட்டி வந்தது. சார்ட்டில் காலை 6:45-க்கு மாத்திரை. 7 மணிக்கு ஸ்மூத்தி: சோயா பால், ஆளி விதை, ஒரு கரண்டி கால்சியம் பவுடர். படித்ததும் தலை சுற்றியது. போனில் காபிக்கு இடைவெளி கேட்ட அதே ஆட்கள், மாத்திரையின் உறிஞ்சலைக் கெடுக்கும் மூன்றையும் ஒரே டம்ளரில் கலந்து, பதினைந்தே நிமிடத்தில் கொடுக்கச் சொல்கிறார்கள். கேட்டதற்கு “அது ஜெனரல் சார்ட், நீங்க அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்” என்று பதில். ஆளுக்கேற்பத் தயாரித்த சார்ட் என்று சொல்லித்தானே பணம் வாங்கினீர்கள்? அன்றைக்கே நிறுத்தியிருக்க வேண்டும். ஸ்மூத்தியை மட்டும் மதியத்துக்கு மாற்றிவிட்டு மீதியைத் தொடர்ந்தோம். கட்டின 18,500 கண்ணை மறைத்தது.

இனி பெட்டிக்குள் இருந்தது. மூன்று பாட்டில்.

முதலாவது ‘கடல் தாது’ காப்ஸ்யூல். அதாவது கெல்ப், கடற்பாசித் தூள். லேபிளில் 100% இயற்கை என்று இருக்கிறது, அயோடின் எத்தனை மைக்ரோகிராம் என்று இல்லை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிகளுக்குச் சற்று அதிகம். கெல்ப்பில் அது எவ்வளவு இருக்கும் என்பது பாசிக்குப் பாசி மாறும். ஒரே காப்ஸ்யூல் பல நாள் தேவையைத் தாண்டிவிடலாம். அயோடின்தான் தைராய்டுக்குத் தீனி, ஆகவே அதிகம் போட்டால் அதிகம் சுரக்கும் என்று கேட்கும்போது நியாயமாகத்தான் தோன்றும். நடப்பது தலைகீழ். அயோடின் திடீரென்று ஏறினால் சுரப்பி உற்பத்தியை நிறுத்திக்கொள்ளும். வோல்ஃப், சைகாஃப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை 1948-லேயே எலிகளில் காட்டிவிட்டார்கள். ஆரோக்கியமான சுரப்பி சில நாளில் மீண்டுவிடும். ஹாஷிமோட்டோ நோயில் உடலின் எதிர்ப்பு அணுக்களே சுரப்பியை அரித்துக்கொண்டிருப்பதால், பலருக்கு அது மீளாமல் அப்படியே படுத்துவிடும். அக்காவுக்கு ஆன்டிபாடி பாசிட்டிவ் (இந்த நோயின் அடையாளம்) என்ற ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் இதை அனுப்பினார்கள். அமெரிக்கத் தைராய்டு சங்கம் தினம் 500 மைக்ரோகிராமுக்கு மேல் அயோடின், கெல்ப் மாத்திரைகள் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அதே சார்ட்டில் சாதாரண உப்பை விட்டுவிட்டுப் பிங்க் உப்புக்கு மாறச் சொல்லியிருந்தார்கள். அயோடின் சேர்த்த, அளவு தெரிந்த உப்பை எடுத்துவிட்டு, அளவு தெரியாத அயோடினைக் காப்ஸ்யூலில் விற்பது. ஒன்று இலவசமாக வீட்டிலேயே இருக்கிறது, மற்றதற்குக் காசு. இதைத் தவிர வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

இரண்டாவது செலினியம், 200 மைக்ரோகிராம் மாத்திரை. கூடவே சார்ட்டில் தினம் 4 பிரேசில் நட். ஒரு பிரேசில் நட்டிலேயே, விளைந்த மண்ணைப் பொறுத்து, 50 முதல் 90 மைக்ரோகிராம் வரை இருக்கும். கூட்டிப் பாருங்கள்: 400-ஐத் தொட்டோ தாண்டியோ நிற்கும். ஒரு நாள் தேவை 55. உச்ச வரம்பு 400 (ஐரோப்பிய வரம்பு 255). மிஞ்சினால் முடி கொட்டும், நகம் உடையும், மூச்சில் பூண்டு வாடை வரும். தைராய்டுக்காரர்கள் முடி கொட்டுகிறது என்றுதானே இவர்களிடம் போகிறார்கள்!

மூன்றாவதுதான் பெரிய வேலை செய்தது. ‘ஹேர் அண்ட் ஸ்கின்’ பவுடர். ஒரு கரண்டியில் பயோட்டின் 10,000 மைக்ரோகிராம். உடலுக்கு வேண்டியது 30. தண்ணீரில் கரையும் வைட்டமின்தானே, மிஞ்சினால் வெளியே போய்விடும் என்று இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. உடம்புக்கு அது பெரிதாக ஒன்றும் செய்யாது. கெடுப்பது ரத்தப் பரிசோதனையை. பல ஆய்வகக் கருவிகள் பயோட்டினைப் பசை மாதிரி வைத்துத்தான் ஹார்மோனைப் பிடித்து அளக்கின்றன. ரத்தத்தில் ஏற்கெனவே பயோட்டின் மிதந்தால், பசை ஒட்ட வேண்டிய இடத்தை அது அடைத்துக்கொள்ளும். விளைவாக டிஎஸ்எச் பொய்யாகக் குறைந்து தெரியும், டி4 (தைராய்டு சுரக்கும் முக்கிய ஹார்மோன்) பொய்யாகக் கூடித் தெரியும். எல்லாக் கருவியிலும் இது நடக்காது. நடக்கும் கருவி எது என்று ரத்தம் கொடுப்பவருக்குத் தெரியாது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-லேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது.

இப்போது வரிசையைப் பாருங்கள். சேரும்போது டிஎஸ்எச் 6.2, தினம் 75 மைக்ரோகிராம் மாத்திரையுடன். 21-ஆம் நாள் அவர்களே ‘ப்ராக்ரஸ் டெஸ்ட்’ எடுக்கச் சொன்னார்கள். காலையில் பவுடரைக் கலக்கிக் குடித்துவிட்டுத்தான் ரத்தம் கொடுத்தது. நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. வந்தது 0.3, டி4 வரம்புக்கு மேலே. கோச் போனில் ஒரே கொண்டாட்டம். “பார்த்தீங்களா சார், உணவே மருந்து! இப்ப மாத்திரைதான் ஓவர் ஆகுது, பாதியா குறைச்சிடலாம்.” அந்த ரிப்போர்ட்டை மட்டும் பார்த்தால் நல்ல டாக்டரே குறைத்திருப்பார். அவ்வளவு கச்சிதமாக இருந்தது. பாதியாக்கினோம். மூன்று மாதத்தில் 6.2-இலிருந்து சரியாக வேண்டியது மூன்று வாரத்தில் சரியானதே சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும்.

அந்த 30 நாள் கணக்கு இங்கேதான் வருகிறது. டி4 ஹார்மோனின் அரை ஆயுள் ஏறக்குறைய 7 நாள். மாத்திரையைக் குறைத்தாலும், ஏன், அடியோடு நிறுத்தினாலும் மறுநாளே ஒன்றும் தெரியாது. ரத்தத்தில் இருக்கும் பழைய சரக்கு மெல்ல மெல்ல இறங்கும், புது நிலைக்கு வந்து நிலைக்க ஐந்தாறு வாரம் ஆகும். அதனால்தான் அளவு மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்து டிஎஸ்எச் பார்க்கச் சொல்கிறார்கள். அந்த ஐந்தாறு வாரமும் ஆள் நன்றாகவே இருப்பார். “டயட் வேலை செய்யுது” என்று அவரே நாலு பேரிடம் சொல்வார். ரீஃபண்ட் கதவு 30-ஆம் நாளே மூடிவிடும். உண்மையைச் சொல்லக்கூடிய பரிசோதனை, பணம் கேட்கக்கூடிய தேதிக்குப் பிறகுதான் வர முடியும். இது தற்செயல் என்று நம்ப எனக்கு மனசில்லை.

60-ஆம் நாள் வாக்கில் முகம் வீங்கி, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, படியேறினால் களைப்பு. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, முடிக்கு ஏதாவது சாப்பிடுகிறீர்களா. பவுடரை நிறுத்தி மூன்று நாள் விட்டு எடுத்த ரத்தத்தில் டிஎஸ்எச் 19.4. இடையில் எடை 12 கிலோ குறையும் என்று கோச் சொன்னது வேறு. சுரப்புக் குறைவால் ஏறும் எடையே பொதுவாக 2 முதல் 5 கிலோதான், அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும். 12 கிலோவைத் தைராய்டின் தலையில் கட்டுகிற ஆளுக்குக் கணக்கும் தெரியாது, தைராய்டும் தெரியாது.

அடுத்து ரீஃபண்ட் படலம். முதல் பதில்: “டாக்ஸின் வெளியேறும்போது இப்படித்தான் இருக்கும், இது ஹீலிங் ஸ்டேஜ்.” 19.4 ரிப்போர்ட்டை அனுப்பினேன். இரண்டாவது பதில்: “மேடம் காலிஃபிளவர் சாப்பிட்டாங்களா?” இந்தக் காலிஃபிளவர் புராணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முட்டைக்கோஸ் குடும்பத்துக் காய்களில் சுரப்பியைத் தடுக்கும் பொருள் உருவாகும் என்பது உண்மை; 1928-இல் முட்டைக்கோஸ் தின்ற முயல்களுக்குக் கழுத்து வீங்கியதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் அதை உருவாக்கும் நொதி, வேகவைத்தால் பெரும்பாலும் செத்துவிடும். மனிதருக்கு ஆபத்தான கதை என்றால், தினம் ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ சீன முட்டைக்கோஸைப் பச்சையாக மாதக்கணக்கில் சாப்பிட்ட 88 வயதுப் பெண்மணியின் கதை, 2010-இல் மருத்துவ இதழில் வந்தது. வாரத்துக்கு இரண்டு நாள் வேகவைத்த ஒரு கிண்ணத்துக்கு இந்தப் பயம் தேவையில்லை. தடை செய்த காய்களின் பட்டியலை இவ்வளவு நீளமாகப் போடுவதே, பின்னால் பழி போட ஒரு காய் வேண்டும் என்பதற்காகத்தான்.

மூன்றாவது பதில்: 60 நாளும் மூன்று வேளைச் சாப்பாட்டின் போட்டோ வேண்டும், இல்லையென்றால் ‘திட்டத்தைப் பின்பற்றியதாக’ எடுத்துக்கொள்ள முடியாது. நான்காவது: கோச் மாறிவிட்டார், புது கோச் கூப்பிடுவார். கூப்பிடவில்லை. ஐந்தாவது: புகார் தீர்க்கப்பட்டது என்று அவர்களாகவே மூடிவிட்டு, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டு ஒரு மெசேஜ். ஆறாவது: 21-ஆம் நாள் ரிப்போர்ட்டில் பலன் தெரிந்துவிட்டதால் ரீஃபண்ட் கிடையாது. அந்த 0.3-ஐயே சாட்சியாகக் காட்டுகிறார்கள்! பயோட்டின் கலந்து கொடுத்ததும் அவர்கள், டெஸ்ட் எடுக்கச் சொன்னதும் அவர்கள், மாத்திரையைக் குறைத்ததும் அவர்கள். 18,500-இல் ஒரு பைசா வரவில்லை. அடுத்த பேக்கேஜில் 20% தள்ளுபடி தருகிறார்களாம்.

சாப்பாட்டைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன் என்றேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை, அவசரத்துக்கு இவ்வளவுதான். மாத்திரையைக் குறைக்கவோ நிறுத்தவோ எழுதிக் கொடுத்த டாக்டரைத் தவிர யார் சொன்னாலும் செய்யாதீர்கள். ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது 2 நாள் முன்பே பயோட்டினை நிறுத்துங்கள், மல்டிவைட்டமின் லேபிளிலும் தேடுங்கள். அயோடின் உப்பு போதும், கெல்ப் வேண்டாம். நார்ச்சத்து நல்லதுதான், திடீரென்று ஏற்றாமல் படிப்படியாகக் கூட்டுங்கள், அது மாத்திரையையும் பிடித்துக்கொள்ளும். சோயாவை விலக்க வேண்டியதில்லை, மாத்திரை நேரத்துக்குத் தள்ளி வைத்தால் போதும். காலையில் இடைவெளி விட முடியாதவர்கள், இரவு கடைசியாகச் சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்துப் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கோதுமையை விடச் சொன்னால், விடுவதற்கு முன்பே சீலியாக் நோய்க்கான (கோதுமையில் இருக்கும் குளூட்டன் குடலைக் கெடுக்கும் நோய்) ரத்தப் பரிசோதனையை எடுங்கள். விட்ட பிறகு எடுத்தால் நோய் இருந்தாலும் இல்லை என்று வரும். ‘தைராய்டு சப்போர்ட்’ என்று விற்பதில் ஹார்மோனே கலந்திருக்கலாம்: 2013-இல் வெளிவந்த ஒரு ஆய்வில் கடையில் வாங்கிய 10 தயாரிப்புகளில் 9-இல் டி3 என்ற தைராய்டு ஹார்மோன் இருந்தது.

ஏற்கெனவே இப்படி ஒரு பெட்டி வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், கோபத்தில் பாட்டில்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டாக்டருக்கு அந்த லேபிள்கள் வேண்டும்.