அமேசானுக்குள் லாரியா, ரயிலா?

மும்பை மாட்டுங்காவில் இட்லி சாப்பிடும்போது நண்பன் கேட்டான், "அமேசான் பக்கம் சோயா ஏற்றிப்போக ரோட்டை விட ரயில் மேல்தானே?" பாதிதான் சரி. பிரேசிலின் பிஆர்-163 நெடுஞ்சாலை 1970களில் அமேசான் காட்டைப் பிளந்துகொண்டு போனது. அதிலிருந்து மீன்முள் மாதிரி கிளைச்சாலைகள் பிரிய, மரம் வெட்டுபவர்கள் நுழைய, பின்னாலேயே மாட்டுப் பண்ணை, அப்புறம் சில இடங்களில் சோயா. பிரேசில் அமேசானில் நடந்த காடழிப்பில் சுமார் 95% சாலையிலிருந்து 5.5 கி.மீ. அல்லது ஆற்றிலிருந்து 1 கி.மீ.க்குள்தான் என்கிறது 2014 ஆய்வு ஒன்று.

ரயில் நினைத்த இடத்தில் நிற்காது, அது நல்லது. ஆனால் பிரேசிலின் சினோப் நகரிலிருந்து திட்டமிட்டிருக்கும் சுமார் 933 கி.மீ. ஃபெரோகிராவ் ரயில்பாதை வந்து சரக்குக் கட்டணம் குறைந்தால், இன்று கட்டுப்படியாகாத நிலத்திலும் சோயா போடத் தோன்றும். ரயில் வசதியால் மும்பைக்கு வெளியே விரார் பக்கம் மனை விலை ஏறிய கதைதான்! எனக்கு ரயில்தான், அதுவும் நடுக்காட்டில் ஸ்டேஷன் இல்லாமல்.