எட்டுக் குழி சார்ஜர்: பழைய மாடலும் புதிய மாடலும்

கேமரா ஃப்ளாஷுக்கு நான்கு, கையிருப்புக்கு நான்கு என்று எட்டு டபுள்-ஏ செல்கள் எப்போதும் என் பையில் கிடக்கும். எல்லாமே நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, அதாவது மறுபடி மறுபடி ஏற்றக்கூடிய வகை. நான்கு வருடம் ஒரே எட்டுக் குழி சார்ஜரில் ஓட்டினேன். அதன் அடுத்த மாடலுக்கு மாறி இப்போது ஒரு வருடம் தாண்டிவிட்டது.

பழையது செல்களை இரண்டிரண்டாகச் சேர்த்துத்தான் ஏற்றும். ஜோடியில் ஒன்று ஏற்கெனவே நிறைந்திருந்தாலும், மற்றது நிறையும்வரை அதையும் விடாது. அந்த நல்ல செல் கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சுடும். புதியதில் ஒவ்வொரு குழிக்கும் தனிக் கணக்கு. நிக்கல் செல் நிறைந்ததும் அதன் வோல்டேஜ் உச்சத்தைத் தொட்டுச் சில மில்லிவோல்ட் இறங்கும். அதைப் பார்த்து அந்தக் குழியை மட்டும் நிறுத்திவிடுகிறது. ஆனால் மெதுவாக ஏற்றினால் இந்த இறக்கம் சரியாகத் தெரியாது. 'மெதுவாகப் போனால் செல்லுக்கு நல்லது' என்று நானும் 200 மில்லி ஆம்பியரில் வைத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் எட்டும் வெதுவெதுப்பாக, இன்னும் ஏறிக்கொண்டே இருந்தன! இப்போது 2000 எம்ஏஎச் (செல் தாங்கும் சார்ஜின் அளவு) செல்லுக்கு 1000 மில்லி ஆம்பியர் வைக்கிறேன். இரண்டரை மணி நேரத்துக்குள் வேலை முடிகிறது.

எனக்கு உண்மையில் பிடித்தது ரெஃப்ரெஷ். செல்லை ஒரு வோல்ட் அளவுக்கு இறக்கி, மறுபடி ஏற்றி, எவ்வளவு தாங்கியது என்று எண்ணாகக் காட்டும். அலமாரியில் மாதக்கணக்கில் தூங்கிய ஒரு செல் முதல் சுற்றில் 1180 எம்ஏஎச் காட்டியது, அடுத்து 1610, அப்புறம் 1740. அதற்குமேல் நகரவில்லை, சரி, போதும். இன்னொன்று மூன்று சுற்றிலும் 900ஐத் தாண்டவே இல்லை. தேய்ந்த செல்லை இது எழுப்பாது. சும்மா கிடந்து சோம்பிப்போனதைத்தான் எழுப்பும். மாதாமாதம் செய்வதும் வீண். ஒவ்வொரு சுற்றும் செல்லின் ஆயுளில் ஒன்றைக் கழிக்கிறது. முழுதாக வடிக்காமல் ஏற்றினால் செல் தாங்கும் அளவு குறைந்துவிடும் என்ற 'மெமரி' பயமெல்லாம் பழைய நிக்கல் காட்மியம் காலத்துப் பேச்சு.

அடியோடு வடிந்த செல்லைப் பழைய சார்ஜர் கண்டுகொள்ளவே கொள்ளாது, குழி காலி என்றே நினைக்கும். புதியது முதலில் கொஞ்சம் கரண்ட் கொடுத்துப் பார்க்கிறது.

குறையும் உண்டு. ஃபேன் சத்தம் படுக்கையறைக்கு ஆகாது. எட்டையும் ஒன்றாகப் போட்டால் நடுக்குழிகள்தான் அதிகம் சுடுகின்றன. அதனால் நான்கு மட்டும் ஏற்றும்போது ஒரு குழி விட்டு ஒரு குழி போடுகிறேன். ரெஃப்ரெஷ் நடுவில் கரண்ட் போனால் எண்ணெல்லாம் அழிந்து மறுபடி முதலிலிருந்து. ஒன்றரை நாள் ஓடியது இப்படி ஒருமுறை பாழானபோது சார்ஜரைத் தூக்கி எறியலாம் போலிருந்தது.

இப்போது ஒவ்வொரு செல்லிலும் மார்க்கரில் ஒரு எண் போட்டு, அளவு ஒத்துப்போகிற நான்கை மட்டும் ஃப்ளாஷுக்கு எடுக்கிறேன். அந்த 900 செல்லின் எண் 7. அது சுவர்க் கடிகாரத்தில் நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்கிறது.